பிரேக்கை மிதித்தால் இடது அம்பு எரியும்

"பிரேக் அடிச்சா சிக்னல் அம்பு எரியுதுடா" என்று அப்பா சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணில் வெயில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிந்தாங் பக்கம் நானே ஓட்டிப் போனேன். சாலையில் ஒரு மாடு. பிரேக்கை மிதித்ததும் டேஷ்போர்டில் இடது அம்பு மங்கலாக எரிந்தது. சிமிட்டவில்லை, அப்படியே நின்றது. காலை எடுத்தேன், அணைந்தது. சிக்னல் போடும் குச்சியை யாரும் தொடவில்லை.

வண்டி 1996 புரோட்டான் இஸ்வரா, மலேசியக் கார். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நின்றது, இப்போது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எங்களுடையது மட்டும்தான்.

முதலில் போன வயர்மேன் பிரேக் சுவிட்சை மாற்றினார். இன்னொருவர் பேட்டரி என்றார். மூன்றாமவர் 250 வெள்ளிக்கு ரீகான் (பழையதைப் புதுப்பித்த) ஆல்ட்டர்னேட்டர் போட்டுவிட்டார். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்கினால்தான் அம்பு எரியும். பட்டறைக்குள் நுழைந்ததும் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும்.

மெஷின் வயர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் நான் செய்த முதல் காரியம் மடத்தனமானது. மல்டிமீட்டரை, வழி அறுபடாமல் இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்து, பின் விளக்கு ஹோல்டரின் எர்த்திலிருந்து (கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் கறுப்பு வயர்) வண்டியின் பாடிக்குப் பார்த்தேன். பீப். கறுப்பு வயர் நன்றாக இருக்கிறது என்று எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டேன். இரண்டு வாரம் வீண்.

பிறகுதான் உறைத்தது. பின்னால் பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு, டெயில் விளக்கு மூன்றுக்கும் எர்த் ஒன்றே. அது அறுந்தால் பிரேக் விளக்கின் கரண்டுக்குத் திரும்ப வழியில்லை. அது சும்மா நிற்காது. பக்கத்திலிருக்கும் சிக்னல் பல்புக்குள் தலைகீழாகப் புகுந்து, சிக்னல் வயரிலேயே முன்பக்கம் ஓடி, முன் சிக்னல் பல்பு வழியாக அங்குள்ள எர்த்துக்கு இறங்கிவிடும். அந்த வயரில்தான் டேஷ்போர்டு அம்பும் தொங்குகிறது. 12 வோல்ட்டைப் பங்கு போட்டபின் அம்புக்கு நாலு வோல்ட்கூட மிஞ்சாது, அதனால்தான் அழுது வடிந்தது.

மல்டிமீட்டர் ஏமாந்ததும் அதே சுற்று வழியில்தான். 21 வாட் பல்பு எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 7 ஓம். சூடில்லாதபோது ஒரு ஓமுக்கும் கீழே. எர்த் முழுக்க அறுந்து கிடந்தாலும் அந்த இரண்டு குளிர்ந்த பல்புகள் வழியாகவே பீப் சத்தம் வந்துவிடும். நான் சோதித்தது எர்த்தை அல்ல, பல்பை!

சரி, எரியும்போதே அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பேட்டரி நெகட்டிவிலிருந்து பூட் (பின்பக்கச் சாமான் அறை) வரை பழைய ஸ்பீக்கர் வயரை இழுத்தேன். மீட்டரின் ஒரு முனை அந்த வயரில், மறு முனை ஹோல்டரின் எர்த்தில். அப்பாவைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட். நல்ல எர்த் என்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கொலைக்குற்றம் இல்லை. பூட்டின் ஓரத்தில் கையை ஊன்றி வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கினேன். 6.8. "அம்பு எரியுது!" என்று முன்னாலிருந்து அப்பா கத்தினார். மறுபடி குலுக்கினேன், 0.3. இன்னொரு தரம், 7.1.

பூட் கம்பளத்தை உரித்தேன். குப்பென்று ஒரு புளித்த நாற்றம். இடது மூலையில் எர்த் போல்ட் இருந்த இடத்தில் துருக்கட்டி ஒன்று. அதன்மேல் எர்த் வயரின் வளையம் பச்சைப் பொடியாகி, பாதி தின்னப்பட்டு, சும்மா உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

அப்பாவுக்கு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் பால்மரம், அதாவது ரப்பர். கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) மூட்டையை இந்தப் பூட்டில் போட்டுத்தான் கடைக்குக் கொண்டுபோவார். பாலை உறைய வைக்க ஊற்றும் அமிலத் தண்ணீர் மூட்டையிலிருந்து சொட்டிச் சொட்டி அந்த மூலையில்தான் தேங்கியிருக்கிறது.

துருவை அரத்தால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியவிட்டு, புது வளையம் அடித்து, போல்ட்டை இறுக்கி, கிரீஸ் தடவினேன். செலவு 3 வெள்ளி. குலுக்கிப் பார்த்தேன்: 0.03, அசையவில்லை.

"இவ்ளோ நாறுதே, உங்களுக்குத் தெரியலையாப்பா?"

அப்பா குனிந்து மோந்து பார்த்தார். "எங்கடா நாறுது?"

நாற்பது வருஷம் பால்மரக் காட்டில் இருந்த மூக்கு. நான் கம்பளத்தை வேலியில் காயப்போட்டேன். அடுத்த மூட்டைக்கு முன்னால், போன தேர்தலில் கழற்றி வைத்த ஒரு பேனரைத் தேடி எடுத்து, வேட்பாளர் முகம் மேலே தெரிய, பூட்டில் விரித்து வைத்திருந்தார்.