தவிலுக்கு ஒரு வண்டி, லோன் போடலாமா வேணாமா

போன கார்த்திகைல, இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல டொங்காட்ல ஒரு கல்யாணம். எங்க வாசிப்பு மத்தியானம் ரெண்டு மணிக்கே முடிஞ்சிருச்சு, ஆனா எங்கள சாட்ஸ்வர்த்துலேர்ந்து கூட்டிட்டுப் போன மாப்ள வீட்டுப் பையன் வந்தவங்க எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் கிளம்ப முடியும்னுட்டான், அவன் வீட்டு விசேஷம், அவன குத்தம் சொல்ல முடியாது. ராத்திரி ஒம்பதரை வரைக்கும் ஹால் வாசல்ல தவில பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். நாதஸ்வர அண்ணனுக்கு சுகர், மாத்திரை வீட்ல இருக்கு, நேரத்துக்கு சாப்பிடாம கை நடுங்க ஆரம்பிச்சு யாரோ ஒரு ஆன்ட்டி கேசரி கொண்டாந்து குடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரிதான் வண்டி வாங்கியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

நான் திருவாரூர் பக்கம். இங்க டர்பன்ல ஒரு கோயில்ல தவில் வாசிக்கிறேன், வேலை விசால வந்தவன். கோயில் சம்பளம் ஒண்ணு, சனி ஞாயிறு கல்யாணம், கிரகப்பிரவேசம்னு வெளில வர்ற வருமானம் ஒண்ணு. வெளி வாசிப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஸ்டாங்கர், ஐசிப்பிங்கோன்னு எங்க வேணா இருக்கும். மினிபஸ் டாக்சில போனா தவிலுக்கும் ஒரு சீட்டு காசு குடுக்கணும், அதுகூட பரவால்ல, மழைல எறங்கி நடந்தா ஈரத்துல தோல் தொய்ஞ்சிரும், அப்புறம் என்ன வாசிச்சாலும் நாதம் வராது. ஊர்லேர்ந்து புதுத் தோல் வரவழைக்கிறது சாதாரண விஷயம் இல்ல.

தை மாசம் ஒரு ஷோரூம் போனேன். ஏழு சீட்டு சுசுகி எர்டிகா, நம்ம ஊர்லேர்ந்து கப்பல்ல வர்ற வண்டிதான், எல்லா செலவும் சேர்த்து 3,10,000 ராண்ட். சேல்ஸ்மேன் பேப்பர்ல பெருசா ஒரே ஒரு நம்பர் எழுதிக் காட்டினாரு, மாசம் 5,268. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எத்தன மாசம்னு கேட்டா 72, வட்டி பன்னண்டரை சதவீதம். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல பலூன் 30 சதவீதம்னு இருந்துச்சு. அப்டின்னா ஆறு வருஷம் ஒழுங்கா கட்டி முடிச்சதும் கடைசில ஒரே தடவையா 93,000 ராண்ட் கட்டணும், இல்லன்னா அதுக்கு மறுபடி லோன் போடணும். வீட்டுக்கு வந்து கூட்டிப் பாத்தேன், மொத்தம் 4,72,000க்கு மேல. பலூன் இல்லாம அதே 72 மாசம்னா தவணை 6,140 சொச்சம், மொத்தம் 4,42,000. மாசாமாசம் எண்ணூத்திச் சொச்சம் கம்மியாத் தெரியுறதுக்காக முப்பதாயிரம் கூடக் கட்டணும், அதான் பலூன். இத வாங்குறவங்ககிட்ட மொதல்லயே வாய் தொறந்து சொல்லணும், சின்ன எழுத்துல போடக்கூடாது.

இன்னிக்கே கையெழுத்து போட்டாத்தான் இந்த ரேட்டுன்னு அவர் சொன்னப்போ எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. ஆனா கோயில் கமிட்டில ஒரு அங்கிள் இருக்காரு, எழுபது வயசு தாண்டிருச்சு, அவர்தான் சொன்னாரு, இந்த ஊர்ல 2005ல வந்த நேஷனல் கிரெடிட் ஆக்ட் படி லோன் குடுக்குறவங்க மொதல்ல கொட்டேஷன் எழுத்துல தரணும், அந்த லோன் கணக்கு அஞ்சு வேலை நாளைக்கு அப்டியே நிக்கணும், அதனால பேப்பர வாங்கிட்டு வீட்டுக்கு வான்னு. இந்த விஷயம் இங்க இருக்குற நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியல, தெரிஞ்சு வச்சுக்கங்க.

அப்புறம் வங்கிக்காரங்க என் பாஸ்போர்ட்டப் பாத்தாங்க. விசா இன்னும் மூணு வருஷமும் சில மாசமும்தான் இருக்கு, லோன் அதுக்குள்ள முடியணும், அதனால 36 மாசம்தான் தருவோம்னாங்க. 36 மாசத்துக்கு அதே வண்டிக்கு தவணை 10,371. என் கோயில் சம்பளத்துல பாதிக்கு மேல. மூணு மாச சம்பளச் சீட்டும் மூணு மாச பேங்க் ஸ்டேட்மெண்டும் கேட்டாங்க, கல்யாணத்துல கைல வாங்குற காசு ஸ்டேட்மெண்ட்ல எங்க இருக்கும், அவங்க கணக்குல நான் கோயில் சம்பளம் மட்டும் வாங்குறவன். அன்னிக்கு ரொம்ப மனசு விட்டுப் போச்சு.

வீட்ல சொன்னேன். "ஏங்க, ஊர்ல என் நகைய வச்சு வாங்கிருவோம், அப்பாகிட்ட சொன்னா அனுப்பிருவாங்க"ன்னா. அது அவ அம்மா போட்ட நகை. இங்க சம்பாதிச்சு அங்க வட்டி கட்டுறதுன்னா ராண்ட் மதிப்பு எறங்குற மாசமெல்லாம் நமக்குக் கூடுதல் பாரம், அத நான் ஒத்துக்கல. ரெண்டு நாள் எங்க ரெண்டு பேருக்கும் சரியா பேச்சே இல்ல.

அந்த அங்கிள்தான் ஒரு சாயங்காலம் கூப்ட்டு உக்கார வச்சு அவர் கதைய சொன்னாரு. துணி பேக்டரில கட்டிங் மாஸ்டரா இருந்தவரு. 1994க்கு அப்புறம் வெளிநாட்டுத் துணி மலிவா வந்து எறங்கி இங்க பேக்டரி ஒவ்வொண்ணா மூடுனப்போ வேலை போச்சு, வண்டி லோன் பாதிலதான் இருந்துச்சு. மூணு தவணை தவறுனதும் வண்டிய எடுத்துட்டாங்க. வண்டி போனா கடன் போயிரும்னு அவர் நெனச்சிருந்தாரு, போகல, ஏலத்துல வித்த காசு போக மிச்சம் இருந்தத வண்டியே இல்லாம ரெண்டு வருஷம் கட்டியிருக்காரு. "தம்பி, பேப்பர்ல டைட்டில் ஹோல்டர்னு பேங்க் பேர்தான் இருக்கும், கடைசி தவணை வரைக்கும் அது அவன் வண்டி, நீ ஓட்டுற அவ்ளோதான்"னாரு. சொல்லும்போது குரல் கம்மிருச்சு அவருக்கு.

அன்னிக்கு ராத்திரி நோட்ட எடுத்து மாசம் வாரியா என் வருமானத்த எழுதுனேன். தை, பங்குனி, வைகாசி, ஆவணி நல்லா இருக்கும். ஆடில கல்யாணம் இல்ல. புரட்டாசில இந்த ஊர் தமிழ் சனங்க விரதம் ரொம்ப ஒழுங்கா இருப்பாங்க, கறி மீன் தொடமாட்டாங்க, விசேஷமும் வைக்கமாட்டாங்க. மார்கழியும் அப்டித்தான். வருஷத்துல மூணு மாசம் வெறும் கோயில் சம்பளம், தவணை மட்டும் பன்னண்டு மாசமும் வரும். அதனால ஆடி மாச சம்பளத்துல எவ்ளோ கட்ட முடியுமோ அதான் என் தவணை, வைகாசி வருமானத்த வச்சு கணக்கு போடவே கூடாதுன்னு முடிவு பண்ணேன். அப்டிப் பாத்தா இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாசம் 6,000 தாண்டக்கூடாது.

ஆறு மாசம் காத்திருந்தோம். கல்யாணக் காச எல்லாம் வாங்குன மறுநாளே அக்கவுண்ட்ல போட்டேன், சேமிப்பும் ஆச்சு, ஸ்டேட்மெண்ட்லயும் ஏறுச்சு. கைல இருந்த 18,000 வைகாசி முடியிறப்போ 50,000 ஆச்சு. ஓடுன வண்டி ஒண்ணு கிடைச்சுது, டொயோட்டா அவான்சா, 1,60,000. முன்பணம் போக லோன் 1,10,000, வட்டி பதிமூணரை, 36 மாசம், தவணை 3,733. மொத்த வட்டி இருபத்தி நாலாயிரத்துச் சொச்சம். இன்னொண்ணு, 2,50,000க்குக் கீழ உள்ள லோன முன்னாடியே அடைச்சா அபராதம் கிடையாது, அதனால தை மாசம் நல்லா வந்தா கூடக் கட்டிக்கலாம். வட்டி பிரைம் ரேட்டோட, அதாவது இங்க பேங்க் எல்லாம் லோனுக்கு அடிப்படையா வைக்கிற வட்டியோட சேர்ந்து ஏறி எறங்கும், 2020ல 7 சதவீதமா இருந்தது 2023 மே மாசம் 11.75 ஆச்சு, அதனால தவணை 300 ராண்ட் ஏறுனாலும் தாங்குறமாதிரி விட்டு வச்சிருக்கேன்.

இன்சூரன்ஸ் முழுசா எடுத்தாத்தான் லோன், அது 1,050. கசக்கத்தான் செய்யுது, ஆனா 2022 ஏப்ரல் வெள்ளத்துல ப்ராஸ்பெக்டன்ல டொயோட்டா பேக்டரியே தண்ணில மூழ்குன ஊரு இது, எங்க தெருவுல ரெண்டு வண்டிய ஆத்துலதான் தேடுனாங்க. அதுல ஒருத்தருக்கு இன்சூரன்ஸ் குடுத்தது வண்டியோட அன்னிக்கு மதிப்புதான், லோன் பாக்கி அதவிட கூட இருந்துச்சு, மிச்சத்த அவர் கைலேர்ந்துதான் கட்டுனாரு. முன்பணம் போடாம வாங்குறவங்க, பலூன் போடுறவங்க இத கட்டாயம் யோசிக்கணும்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி தவில எடுத்துட்டுப் போய் பின்சீட்ட மடக்கி வச்சுப் பாத்தேன். தவில் உறையோட படுத்துச்சு, நாதஸ்வரப் பெட்டியும் பக்கத்துல உக்காந்துச்சு, அண்ணன் முன்சீட்ல ஏறி உக்காந்து மாத்திரை டப்பாவ கதவுல இருக்குற பள்ளத்துல வச்சுப் பாத்தாரு. கோயில்ல சம்பளம் 25ஆம் தேதி, தவணைய 28ஆம் தேதி எடுக்கச் சொல்லிருக்கேன். மொத தவணை இந்த ஆடிலதான் போகுது. அதுக்கான காசயும் புரட்டாசிக்கானதயும் வீட்ல தனித்தனி கவர்ல போட்டு சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கா.