எல்டர்பூ ஒயின்: தானாக நொதித்த வாளியும் ஈஸ்ட் போட்ட வாளியும்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், நான் குடியிருக்கும் ஊரின் வேலியோரங்களில், மே மாதக் கடைசியிலிருந்து எல்டர் மரங்கள் வெண்ணிறக் கொத்துகளாகப் பூத்து நிற்கும். அந்தப் பூவில் செய்யும் நுரை ஒயினை இங்குள்ளவர்கள் ‘எல்டர்பூ ஷாம்பெயின்’ என்பார்கள். ஷாம்பெயின் என்பது பிரான்சின் ஒரு பகுதி ஒயினுக்கே உரிய பெயர் என்பதால், அந்தப் பெயரில் விற்கக் கூடாதென்று 1993 இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தும், வீட்டுப் பேச்சில் பெயர் மாறவில்லை. பூவில் இயற்கையாக இருக்கும் ஈஸ்ட் போதுமா, பொட்டல ஈஸ்ட் வேண்டுமா என்று வீட்டில் ஒயின் செய்பவர்களிடையே நடக்கும் வாதத்துக்கு நானே விடை காண எண்ணி, சென்ற ஜூனில் இரண்டு வாளிகளில் செய்து பார்த்தேன்.

வெயில் ஏறிய காலையில், தொட்டால் மகரந்தம் விரலில் மஞ்சளாக ஒட்டும் பூக்களை மட்டும் பறித்தேன். கழுவினால் மணமும் ஈஸ்டும் போய்விடும் என்பதால், பூச்சிகள் விழும்படி உதறியதோடு சரி. இலையிலும் காம்பிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால் பச்சைக் காம்புகளைக் கத்தரித்து நீக்க வேண்டியிருந்தது. சலிப்பூட்டும் வேலை அது ஒன்றுதான். வாளிக்கு 4.5 லிட்டர் தண்ணீர், 650 கிராம் சர்க்கரை, 2 எலுமிச்சை, 10 பூங்கொத்துகள். சர்க்கரை கரைத்த வெந்நீர் நன்றாக ஆறிய பிறகே பூவைப் போட்டேன். சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். இரண்டாவது வாளியில் மட்டும் பொட்டல ஈஸ்டான ஷாம்பெயின் ஈஸ்ட் தூவினேன். அதிலும் பூவின் ஈஸ்ட் இருக்கத்தான் செய்தது. ஆகவே இதைக் கறாரான சோதனை என்று சொல்ல மாட்டேன்.

ஈஸ்ட் போட்டது மறுநாளே நுரைத்தது. மற்றது மூன்று நாள் அசையவே இல்லை. கொட்டிவிடலாம் என்று நான்காம் நாள் மாலை மூடியைத் திறந்தபோது, காதருகில் மழைத்தூறல் போன்ற சன்னமான சிற்றொலி கேட்டது.

தவறு புட்டியில் அடைக்கும்போது நேர்ந்தது. ஈஸ்ட் போட்டதை ஐந்தாம் நாள், சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்பதை அடர்த்தியால் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டும்போதே பூட்டுமூடி கொண்ட கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றிவிட்டேன். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் உண்டாகும். ஷாம்பெயினின் தடித்த புட்டியிலேயே அழுத்தம் சுமார் 6 தான். என் புட்டிகளில் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாத சர்க்கரை மிச்சமிருந்தது. அந்த ஈஸ்டோ சர்க்கரையை மிச்சம் வைக்கும் இனமல்ல. இரண்டாம் வாரம் ஒரு நள்ளிரவில் தோட்டக் கொட்டகையில் ஒரு புட்டி வெடித்து, சில்லுகள் மரச் சுவரில் குத்தி நின்றன. மற்றவற்றை மறுநாள் கனத்த கோணியால் மூடி, தடித்த கையுறையோடு ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை வெளியேற்றினேன். பூவின் ஈஸ்டில் நொதித்தது, கண்ணாடிப் புட்டி தீர்ந்துபோனதால் மட்டுமே சோடா பிளாஸ்டிக் புட்டிகளுக்குப் போயிருந்தது. அவை கல்லாக இறுகும்போதெல்லாம் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டேன்.

ருசியில் ஈஸ்ட் போட்டது தெளிவாகவும் இனிப்பே இல்லாமலும் இருந்தது. பூமணம் பாதி போய்விட்டது. தானாக நொதித்தது கலங்கலாக, இளங்கள்ளின் புளிப்போடு, வாய் நிறைய மணத்தது. ஆனால் ஆறில் ஒரு புட்டியில் நகப்பூச்சு வாடை அடித்ததால் கொட்ட நேர்ந்தது. இவ்வாண்டு மூன்று நாள் பூவின் ஈஸ்டுக்கே விட்டு, அதன் பிறகும் ஒலி எழாவிட்டால் மட்டும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போடுவதாக இருக்கிறேன். எதுவானாலும் பிளாஸ்டிக் புட்டியில்தான்.