காய்ச்சல் என்றால் முதலில் இரண்டையும் நிறுத்து

அம்மாவின் குதிக்காலில் வந்த கறுப்புத் திட்டு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆணி என்று களிம்பு தந்தார்கள். பிறகு ஆறாத புண் என்றார்கள். கடைசியில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தபோதுதான் பெயர் தெரிந்தது. குதிக்காலில் அகலமாக அறுவை செய்தார்கள், கவட்டில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்தார்கள். அடுத்த ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள் இருந்தன. நான்காம் கட்டம். வெயிலில் கிடக்கும் வெள்ளைக்காரருக்கு வரும் நோய் இது என்று நினைத்திருந்தோம். எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும்தான் அதிகம் வருமாம். 1981இல் பொப் மார்லி இறந்ததும் கால்விரல் நகத்தின் கீழ் தொடங்கிய மெலனோமாவால்தான்.

இரண்டு மருந்து சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை எப்படி இருந்தது என்று பலர் கேட்கிறார்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். முடிவு எடுத்த கதை ஒரு பங்கு என்றால், காய்ச்சலோடு மாரடித்த கதை மூன்று பங்கு.

ஸ்கேன் முடிவு குடும்பத்துக்குள் பரவியதும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் வரத் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே மந்திரம்: இம்யூனோதெரபி, உடலின் எதிர்ப்புச் சக்தியையே நோய்மீது ஏவிவிடும் ஊசி. காசு சேர்ப்போம், சீட்டை முன்னுக்கு எடுப்போம், பெரியம்மா காப்பை ஈடு வைப்பா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலை கிளினிக்கில் டொக்டர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “பிராஃப் பார்த்தாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

மெலனோமாக்காரரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு பிராஃப் என்ற மரபணுவில் பிறழ்வு இருக்கும் என்றார். உள்ளங்காலில் வரும் வகையில் அந்தப் பங்கு இன்னும் குறைவு. பிறழ்வு இருந்தால்தான் அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் வேலை செய்யும், இல்லாவிட்டால் விழுங்கியும் பயனில்லை. ஆகவே முதலில் சோதனை, அதன் பிறகுதான் காசுப் பேச்சு.

அறுவையில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்கள். அந்தக் கட்டியைக் கடிதம் கொடுத்து வாங்கி, ஒரு தனியார் ஆய்வுகூடம் மூலம் இந்தியாவுக்கு அனுப்பினோம். முதல் தடவை ‘முடிவு இல்லை’ என்று திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டால் கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை, தெரிந்தவரைக் காட்டவும் மாட்டார். டொக்டர்தான் விளக்கினார்: மெலனோமாவின் கறுப்பு நிறமியே பிசிஆர் சோதனையைக் குழப்பிவிடக் கூடியது, வேறு கட்டியிலிருந்து நிறமி குறைந்த பகுதியாகப் பார்த்து வெட்டி அனுப்புங்கள். நெறியிலிருந்து எடுத்த கட்டியை அனுப்பினோம். இரண்டாவது ரிப்போர்ட்டில் பிராஃபில் வி600ஈ என்ற பிறழ்வு இருக்கிறது என்று வந்தது. புற்றுநோயில் ஒரு பிறழ்வு இருப்பதற்காக இனிப்பு வாங்கிச் சாப்பிட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

அப்புறம்தான் உண்மையான கலந்துரையாடல். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை என்பதால் நான் இடையில் இருந்தேன். டொக்டர் இரண்டு கூட்டுகளைச் சொன்னார். ஒன்று ஊசி: இப்பிலிமுமாப்பும் நிவோலுமாப்பும். உடலின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருக்கும் பிரேக்கைக் கழற்றிவிடும் மருந்துகள். 2018இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொன்ஜோவுக்கும் நோபல் கிடைத்தது இந்தப் பிரேக்குகளைக் கழற்றிப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டிய வேலைக்குத்தான். செக்மேட் 067 என்ற பரிசோதனையில் 945 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து இரண்டும் சேர்த்து வாங்கியவர்களில் 43 சதவீதமானோர் உயிரோடு இருந்தார்கள், இப்பிலிமுமாப் மட்டும் வாங்கியவர்களில் 19 சதவீதம். மற்றது மாத்திரை: டப்ராஃபெனிப்பும் ட்ராமெடினிப்பும். கொம்பி-டி, கொம்பி-வி என்ற இரண்டு பரிசோதனைகளிலும் இந்த மாத்திரைகளை எடுத்தவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஐந்து வருடத்தில் 34 சதவீதமானோர் உயிரோடு இருந்தார்கள்.

பிராஃப் பிறழ்வு உள்ளவர்களுக்கே எதை முதலில் கொடுப்பது என்றும் ட்ரீம்செக் என்ற பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஊசியில் தொடங்கியவர்களில் இரண்டு வருட முடிவில் ஏறத்தாழ 72 சதவீதம் உயிரோடு இருந்தார்கள், மாத்திரையில் தொடங்கியவர்களில் 52. அப்படியானால் ஊசிதானே? நானும் அதைத்தான் கேட்டேன்.

அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். பிரேக்கைக் கழற்றினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. செக்மேட் போன்ற பரிசோதனைகளில் இப்படிப்பட்ட நோய் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. கூட்டு ஊசி வாங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன, அதுவும் முடக்குவாதம் இல்லாதவர்களுக்கு. அந்த 43 சதவீதம் அம்மாவைப் போன்ற ஒருவரைப் பற்றிய எண் அல்ல என்று டொக்டர் சொன்னபோதுதான் ரொறன்ரோ மாமாவுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வந்தது. எந்த எண்ணைக் கேட்டாலும் அந்தப் பரிசோதனையில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று கேட்க வேண்டும். இது எனக்கு அந்த அறையில்தான் உறைத்தது.

ஏன் இரண்டு மாத்திரை, ஒன்று போதாதா என்று அம்மா கேட்டார். பிராஃப் என்பது கலத்துக்கு ‘பெருகு’ என்ற கட்டளையைக் கடத்தும் வரிசையில் ஒரு கண்ணி. டப்ராஃபெனிப் அதை அடைத்தால் கொஞ்சக் காலத்தில் நோய் வேறு வழி கண்டுபிடித்துவிடும். ஹைலெவல் வீதியை மறித்தால் 138 பஸ் உள்வீதியால் சுற்றிக்கொண்டு வராதா என்றார் டொக்டர். அதனால் அடுத்த கண்ணியான மெக்கையும் ட்ராமெடினிப்பால் அடைக்கிறார்கள். டப்ராஃபெனிப்பைத் தனியாகக் கொடுத்தால் தோலில் வேறு வகைப் புற்று முளைக்கும் வாய்ப்பும் கூடுதலாம், இரண்டாவது சேரும்போது அது குறைகிறது. அம்மா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, “பஸ் கதை மட்டும் விளங்கினது பிள்ளை” என்றார்.

தொடங்குவதற்கு முன் இதயத்துக்கு எக்கோ, கண் பரிசோதனை, இரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதியின் அளவு, உடல் முழுக்கத் தோல் சோதனை. ட்ராமெடினிப் இதயத்தின் பம்பு வலுவைக் குறைக்கலாம், விழித்திரைக்குக் கீழே நீர் கட்டலாம். அதனால் எக்கோ இடையிடையே திரும்பவும் வரும். பார்வையில் மங்கல் என்றால் அன்றைக்கே கண்ணைக் காட்ட வேண்டும்.

மருந்து எடுத்த கதை தனி அலைச்சல். நாட்டில் பதிவில்லாத மருந்தை ஒரு நோயாளிக்காக வரவழைப்பதென்றால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும். ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பம் போட்டோம். அதற்கிடையில் வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு என்று போத்தல் படங்கள் வந்து விழுந்தன. லேபலில் தொகுதி இலக்கம் கூட ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. டொக்டரிடம் காட்டினேன், தலையை ஆட்டிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். சரி, அந்த அத்தியாயம் அதோடு முடிந்தது.

டப்ராஃபெனிப் காலையும் மாலையும், ட்ராமெடினிப் ஒரு நேரம். இரண்டும் வெறும் வயிற்றில்: சாப்பிட ஒரு மணிநேரம் முன்னதாக அல்லது சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்து. “விடிய எழும்பி ஒரு தேத்தண்ணி குடிக்கவும் ஏலாதே?” என்று அம்மா முதல் கிழமை முழுக்கச் சண்டை பிடித்தார். கடைசியில் ஐந்து மணிக்கு எழும்பி மருந்தைப் போட்டுவிட்டு, சாமி கும்பிட்டு, ஆறு மணிக்குத் தேநீர் என்று அவரே ஒரு ஒழுங்கு கண்டுபிடித்தார். ட்ராமெடினிப்பைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும், போத்தலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்கக் கூடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் பிரிட்ஜைத் திறக்க விடாமல் காவல் இருந்த ஆள் நான்தான்.

இனிக் காய்ச்சல். இந்தக் கூட்டை எடுப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் வரும் என்று முதலே சொல்லியிருந்தார்கள். முதல் போத்தல் முடிவதற்குள் வந்தது. மாலையில் குளிர்கிறது என்றார், இரவு பற்கள் கிட்டி நடுங்கினார், வெப்பமானி 39ஐத் தாண்டியது. வேறு ஊரென்றால் மருந்துக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். இது கொழும்பு, மழைக்காலம், பக்கத்து மாடியில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு, ஒழுங்கையில் புகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். 2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, அந்த வருட நினைவு எங்களுக்கு இன்னும் இருக்கிறது. மூட்டுவலி முடக்குவாதத்திலும் வரும், மருந்தாலும் வரும், டெங்கிலும் வரும். வெள்ளை அணு டெங்கிலும் இறங்கும், மருந்தாலும் இறங்கும்.

இரவில் ஓடிப்போன தனியார் வைத்தியசாலையில் இருந்த இளம் டொக்டர் இந்த மாத்திரைகளின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதில் குற்றம் இல்லை, மெலனோமாவே இங்கே அரிது. ஆனால் காய்ச்சலுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியை எழுதினார், புற்றுநோய் மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: 38 பாகையோ அதற்கு மேலோ, அல்லது குளிர் நடுக்கம் வந்தால் இரண்டு மருந்தையும் உடனே நிறுத்து. பனடோல் மட்டும். இரத்தம் பார். 24 மணிநேரம் காய்ச்சலும் அறிகுறியும் இல்லாமல் இருந்தால் இரண்டையும் பழைய அளவிலேயே தொடங்கு. டெங்கு இருக்கக்கூடிய இடத்தில் டைக்ளோஃபெனாக் கொடுப்பது ஆபத்து என்பது அவருக்கும் தெரிந்ததுதான், களைப்பில் கை எழுதிவிட்டது போல. தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு மாற்றி எழுதினார்.

என்எஸ்1 சோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. அதை மட்டும் நம்பாமல் தட்டணுக்களை நாளாந்தம் பார்த்தோம், அவை இறங்கவில்லை. ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுத்தோம். பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்த அத்தையை அம்மாவே சமாளித்து அனுப்பினார். மருந்தை நிறுத்திய அடுத்த நாளே காய்ச்சல் விட்டது. அதுதான் பெரிய துப்பு. டெங்கு நீங்கள் மாத்திரை நிறுத்தியதற்காக விடாது.

அந்தத் தாளில் இருந்த விதிக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. கொம்பி-ஏபிளஸ் என்று பெயர். அறுவைக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருக்க இதே கூட்டை எடுத்த 552 பேரிடம், காய்ச்சல் தொடங்கியவுடனேயே இரண்டையும் நிறுத்தும் முறையைப் பார்த்திருக்கிறார்கள். கடுமையான காய்ச்சல், அதற்காக வைத்தியசாலையில் தங்குவது, காய்ச்சலால் மருந்தையே ஒரேயடியாகக் கைவிடுவது எல்லாம் சேர்த்து 8 சதவீதம். முன்பு செய்த பரிசோதனையில் அது 20. புதிய மருந்து ஒன்றும் இல்லை, எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. பெரிய பரிசோதனைகளின் பெயரெல்லாம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் பாடம், ஆனால் எங்களுக்குக் கையில் உதவியது இதுதான். காய்ச்சல் பிறகும் வந்தது, நாங்கள் அதே விதியில் நின்றோம். தொடர்ந்து வந்தபோது டொக்டர் சிறிய அளவில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தார், அதன்பின் இடைவெளி கூடியது. ஒவ்வொரு முறையும் டெங்குச் சோதனையை மட்டும் விடவில்லை. மருந்துக் காய்ச்சல் பழகிவிட்டதென்று டெங்கைத் தவறவிட இந்த ஊரில் முடியாது.

கடைசி ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகளில் சில காணவில்லை, மற்றவை சுருங்கியிருக்கின்றன. எக்கோவும் கண்ணும் பரவாயில்லை. ஒரு கட்டத்தில் மாத்திரைக்கு நோய் பழகிவிடக்கூடும் என்று டொக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தால் நிவோலுமாப் மட்டும் தனியாகக் கொடுக்கலாமா என்று மூட்டு டொக்டரோடு இப்போதே பேசி வைத்திருக்கிறார். இரண்டு டொக்டரும் ஒரே கொப்பியில் எழுதும்படி நான் கேட்டேன், எழுதுகிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது ஒரே கவலை நல்லூர்த் திருவிழா. போகலாம் என்று டொக்டர் அனுமதி தந்துவிட்டார். அங்கே காய்ச்சல் வந்தால் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் காட்ட ஒரு கடிதமும் தந்திருக்கிறார். மருந்துப் போத்தலுக்குக் குளிர்ப் பெட்டி வாங்கியாயிற்று, தாளைப் பிரதியெடுத்து யாழ்ப்பாணத்துச் சித்தப்பாவுக்கும் அனுப்பியாயிற்று. தேருக்கு முந்தின நாள் ரயில் டிக்கெட்தான் இன்னும் கிடைக்கவில்லை.