கண்ணாடியை முதலில் வாங்குங்கள், ராடு அப்புறம்

சீஷெல்ஸ் பக்கம் ஃப்ளை ஃபிஷிங் போகிறேன், எந்த ராடு (தூண்டில் கோல்) வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன கண்ணாடி வைத்திருக்கிறீர்கள் என்றுதான். பலருக்கு இது விளங்குவதில்லை. ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு மீன் தண்ணீருக்குள் எங்கேயோ இருக்கும், இரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஃபிளாட்ஸ் எனப்படும் ஆழமில்லாத கடல் மணல்பரப்பில் அப்படியில்லை. அல்ஃபோன்ஸ் தீவுக்குத் தெற்கே சென் பிரான்சுவா என்றொரு பவளத்தீவு வளையம் இருக்கிறது. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை முழங்காலளவுத் தண்ணீர், அடியில் கெட்டியான வெள்ளை மணல். நீர் ஏற ஏற போன்ஃபிஷ் கூட்டம் நண்டும் இறாலும் தின்பதற்காக ஆழத்திலிருந்து அந்த மணல்மேல் ஏறி வரும். வருகிற மீனைப் பார்த்து, அது போகும் பக்கம் கணித்து, அதன் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஃப்ளை என்னும் பொய் இரையை வைக்க வேண்டும். மீன் கண்ணில் படவில்லை என்றால் கையில் எவ்வளவு விலையுயர்ந்த ராடு இருந்தும் பயனில்லை.

போன்ஃபிஷ் லேசில் கண்ணில் படாது. அதன் செதில் கண்ணாடிபோல அடியிலிருக்கும் மணலின் நிறத்தையே திருப்பிக் காட்டும். நீங்கள் முதலில் பார்ப்பது மீனை அல்ல, மணலில் நகரும் அதன் நிழலை. தலையைக் கீழே குத்தி மணலைக் கிளறும்போது மட்டும் வாலின் நுனி தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் பளிச்சிடும். அதனால் நீர்ப்பரப்பின் கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். லென்ஸ் செம்பு நிறமோ தேன் நிறமோ இருக்கட்டும், மணலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை அது எடுத்துக் காட்டும். சாம்பல் நிறம் ஆழ்கடலுக்குச் சரி, இங்கே எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் புகாத ஃபிரேமாகப் பாருங்கள், தொப்பியின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. காற்று திசை மாறி ஃப்ளையின் முள் முகத்துக்கு நேரே வரும்போது கண்ணைக் காப்பாற்றுவதும் இதே கண்ணாடிதான்.

அடுத்த செலவு லைனுக்கு, அதாவது வீசும் நூலுக்கு. ராடு இன்னும் வரவில்லை, பொறுங்கள். இறகும் முடியும் நூலும் முள்ளில் கட்டிச் செய்யும் ஃப்ளைக்குச் சொல்லும்படி எடை கிடையாது, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லைனின் எடைதான். 8 வெயிட் என்றால் லைனின் முதல் 30 அடி சுமார் 210 கிரெய்ன், அதாவது பதின்மூன்றரை கிராம் சொச்சம். அந்த எடைக்கு வளையும்படி செய்த கோல்தான் 8 வெயிட் ராடு. குளிர்நாட்டு ட்ரவுட் மீனுக்கென்று செய்த லைன்களின் மேல்பூச்சு மிருதுவாக இருக்கும், ஐஸ் தண்ணீரில் சுருண்டுகொள்ளாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதையே எடுத்துக்கொண்டு நிலநடுக்கோட்டு வெயிலில் போய் நின்றால் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும், ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓட மறுக்கும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். டிராப்பிகல் என்று போட்ட, உள்நரம்பும் பூச்சும் விறைப்பான மிதக்கும் லைன்தான் வேண்டும். நடுத்தர விலை ராடில் நல்ல டிராப்பிகல் லைன் போட்டால் அருமையாக வீசலாம், உயர்ந்த ராடில் தப்பான லைன் போட்டால் ஒன்றும் நடக்காது. இதை எந்த விற்பனையாளரிடமும் வாதாடத் தயார்.

ராடு 9 அடி நீளம், 8 வெயிட். காற்று பலமாக இருக்கிற மாதங்களில் போகிறீர்கள் என்றால் 9 வெயிட். வாங்கியபின் வீட்டுக்கு அருகே ஏதாவது மைதானத்தில் டபுள் ஹால் (முன்வீச்சிலும் பின்வீச்சிலும் மற்றக் கையால் லைனை இழுத்து வேகம் கூட்டும் முறை) பழகுங்கள், காற்றை எதிர்த்து 50 அடி நேராகப் போட வந்தால் போதும். இங்கே யாரும் 90 அடி வீசச் சொல்வதில்லை, சட்டென்று வீசச் சொல்வார்கள். வழிகாட்டி "பதினொரு மணி, நாற்பது அடி" என்பார். படகின் முனை அல்லது நீங்கள் பார்க்கும் திசைதான் பன்னிரண்டு மணி. அவர் சொல்லி முடிப்பதற்குள் லைன் காற்றில் இருக்க வேண்டும்.

ரீலில் பார்க்க வேண்டியவை இரண்டு. பிரேக் மூடிய அமைப்பாக, உப்பும் மணலும் புகாததாக இருக்கட்டும், தொடக்கத்தில் திக்காமல் வழுவழுவென்று விட்டுக்கொடுக்கட்டும். அப்புறம் லைனுக்குப் பின்னால் ரீலில் சுற்றும் பேக்கிங் நூல் 200 கஜம் கொள்ள வேண்டும், ஏனென்றால் முள் பட்ட போன்ஃபிஷ் முதல் ஓட்டத்திலேயே லைன் முழுவதையும் உருவிக்கொண்டு பேக்கிங்குக்குள் போய்விடும். அந்த நேரத்தில் மீனைப் பார்க்காதீர்கள், காலடியில் கிடக்கும் தளர்ந்த லைனைப் பாருங்கள். ரீல் கைப்பிடியிலோ ஷூ கயிற்றிலோ ஒரு சுற்று மாட்டினால் தங்கூசி (லைன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழை) அறுந்துவிடும். இன்னொன்று, மீன் கவ்வியதும் ட்ரவுட்காரர்களைப் போல ராடைத் தூக்கக் கூடாது. போன்ஃபிஷின் வாய் கீழ்ப்பக்கம் இருக்கிறது, இரையை மணலோடு சேர்த்து அமுக்கி எடுக்கும். ராடு நுனியை மீனுக்கு நேரே நீட்டியபடி, லைனை இடது கையால் நீளமாக ஒரே இழுப்பு. தூக்கினால் ஃப்ளை வாயிலிருந்து வெளியே வந்துவிடும்.

ஃப்ளையைப் பற்றி எல்லோரும் நிறத்தில் தொடங்குவார்கள். வெள்ளை மணலுக்கு வெளிர் பழுப்பும் இளஞ்சிவப்பும், கடற்புல் தரைக்குக் கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவுதான். எடையில்தான் விஷயம் இருக்கிறது. கணுக்கால் தண்ணீரில் கனமான ஈயக் கண் வைத்த ஃப்ளை தொப்பென்று விழுந்தால் கூட்டமே கலைந்து ஓடும், அங்கே லேசான மணிச்சங்கிலிக் கண் வைத்தது வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் அதே லேசான ஃப்ளை அடியைத் தொடுவதற்குள் மீன் தாண்டிப் போயிருக்கும். 4, 6 அளவு முள்ளில், ஒரே மாதிரியை இரண்டு மூன்று எடைகளில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் 1970களில் பிறந்த கிரேஸி சார்லி என்ற ஃப்ளை இந்தியப் பெருங்கடலிலும் எடுபடுகிறது.

12 வெயிட் ராடு ஒன்றை ஜி.டி. எனப்படும் பெரிய பாரைக்காக வழிகாட்டி தோளில் மாட்டி வருவார். திருக்கையின் முதுகை ஒட்டியே அது வரும், திருக்கை கிளப்பிவிடுவதைப் பிடித்துத் தின்பதற்காக. அதற்கு 100 பவுண்டுக்குக் குறையாமல் தாங்கும் தங்கூசி போடுவார்கள். பெரும்பாலான விடுதிகளில் இந்த ராடு வாடகைக்கே கிடைக்கும், முதல் பயணத்துக்கே வாங்க வேண்டாம்.

அந்தப் பணத்தில் கெட்டி அடி வைத்த ஃபிளாட்ஸ் பூட்ஸ் வாங்குங்கள். பவளக் கல் சாதாரணச் செருப்பைக் கிழித்துவிடும், கல்மீனின் முள் குத்தினால் பயணம் ஆஸ்பத்திரியில்தான் முடியும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை முன்கூட்டியே விலகிப்போகும்.

கடைசியாக, போன்ஃபிஷ் தங்கூசி 16 பவுண்டுக்குக் குறைய வேண்டாம். மெல்லியதைப் போட்டு வெகுநேரம் போராடுவதைச் சிலர் திறமை என்று நினைக்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. களைத்துப்போன மீனை விட்டதும் பக்கத்தில் சுற்றும் லெமன் சுறா எடுத்துக்கொள்கிறது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், சீக்கிரம் கொண்டு வாருங்கள், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் கேமரா தயாரானபின் மீனைத் தூக்குங்கள், ஒரு மூச்சு நேரத்துக்கு மேல் வேண்டாம். சுறா கண்ணில் பட்டால் படமே வேண்டாம், மீன் தானாக வாலை அடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்வரை கையை எடுக்காதீர்கள்.