இரும்புச் சாக்கும் சிவப்புத் தடியும்

2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இலங்கைப் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டு நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் ஊரான கண்டாவளைக்குத் திரும்பியபோது, வளவில் எங்களுடையது என்று சொல்லக்கூடியதாகக் கிணற்றுக் கட்டு மட்டுமே எஞ்சியிருந்தது. வீடு நின்ற இடத்தில் எருக்கலை ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. மீள்குடியேறியவர்களுக்குக் கொடுத்த கூரைத் தகரங்களையும் 25,000 ரூபா உதவித்தொகையையும் கொண்டு ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். அப்பா 2009 மார்ச்சில் மாத்தளனில் எறிகணை விழுந்து இறந்துபோயிருந்தார். அதே எறிகணையின் சிதறல் ஒன்று அம்மாவின் இடது காலில் இன்றும் இருக்கிறது. அப்போது அக்காவுக்கு 18 வயது, அண்ணாவுக்கு 15, எனக்கு 10.

அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டது எந்த நாளில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அப்படியொரு நாளே இருக்கவில்லை. முதலில் வெள்ளிக்கிழமைகளில் போகாமல் விட்டார். பிறகு அம்மாவை மருந்துக்குக் கூட்டிப்போகும் நாட்களில். பிறகு ஒரு தவணை முழுவதும். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது ஆசிரியர் ஒருவர் கொட்டிலுக்கே வந்து கேட்டார். அண்ணா வாசலில் நின்றபடி, "அடுத்த வருசம் எடுக்கிறன் சேர்" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவருடைய கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சியிருந்த தாள்களைக் கிழித்துத் தைத்து எனக்கு இரண்டு கொப்பிகள் செய்து தந்ததும் அந்த வாரத்தில்தான்.

அவர் செய்த தொழில் பழைய இரும்பு பொறுக்குவது. போர் முடிந்த வன்னியில் அப்போது எளிதாகக் கிடைத்தது அது ஒன்றுதான். எரிந்த வாகனங்களின் எலும்புக்கூடுகள், பதுங்குகுழிகளுக்குப் போட்ட தண்டவாளத் துண்டுகள், ஓட்டையான தகரப் பீப்பாய்கள், வயர்களுக்குள் இருந்த செம்பு என்று வீதியோரங்களும் பற்றைகளும் நிறைந்து கிடந்தன. மூன்று உடைந்த சைக்கிள்களில் இருந்து ஒரு சைக்கிளைப் பூட்டி, பின்னால் உரச் சாக்கைக் கட்டிக்கொண்டு விடியப்புறம் புறப்படுவார். இரும்பு வாங்க லொறியில் வந்த வியாபாரியின் தராசு எப்போதும் குறைவாகவே காட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்தப் பக்கத்துக்கு வேறு லொறி வருவதில்லை. இரும்பைவிடச் செம்புக்கும் பித்தளைக்கும் பல மடங்கு விலை. பித்தளையின் மஞ்சள் நிறத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் அண்ணாவுக்கு வந்துவிட்டது.

அக்கா உயர்தரத்தில் கலைப்பிரிவில் ஓராண்டு படித்திருந்தார். திரும்பி வந்தபின் கத்தரி நட்டுப் பார்த்தார், ஊரில் ஒருவரிடம் இரவல் வாங்கிய தையல் இயந்திரத்தில் சட்டை தைத்தார். அவற்றால் அரிசிக்கும் மருந்துக்கும் கட்டவில்லை. 2011இல், மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்று பெண்களையும் வேலைக்கு எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தார். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் அக்காவுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததும் அம்மாதான். அந்த வேலைக்குப் போன பெண்களில் பலர் கணவரை இழந்தவர்கள், குடும்பத்தை ஒற்றை ஆளாகத் தாங்கியவர்கள். அக்காதான் அவருடைய குழுவில் எல்லாருக்கும் இளையவர்.

பயிற்சியில் படித்ததை இரவில் எனக்குச் சொல்லித் தருவார். முகக் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதிக்க வேண்டும். சோதித்த இடத்துக்கும் சோதிக்காத இடத்துக்கும் நடுவே சிவப்புத் தலை வைத்த தடி நிற்கும். மண்ணைக் கிளறும்போது மேலிருந்து குத்தக்கூடாது, பக்கத்திலிருந்து மெதுவாக அரித்துக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் மிதிவெடி மேலிருந்து வரும் பாரத்துக்காகக் காத்திருப்பது. மரப்பெட்டிக்குள் அடைத்துப் புதைத்த ஜொனி மிதிவெடிகளின் பெட்டி உக்கிப்போயிருக்கும், உள்ளே இருப்பது உக்காது என்பார். பின்னாளில் அவர் பல ஆண்டுகள் வேலை செய்தது முகமாலையில். கிளாலி நீரேரிக்கும் நாகர்கோவில் கடற்கரைக்கும் இடையில் இராணுவத்தினதும் புலிகளினதும் முன்னரங்குகள் நெடுங்காலம் எதிரெதிரே நின்ற நிலம் அது.

பயிற்சி முடிந்து சில வாரங்களில், ஒரு மாலை, அண்ணா சாக்கை முற்றத்தில் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். இரும்புக் குவியலின் ஓரத்தில், கைக்கு அடங்கும் அளவில், பித்தளை நிறத்தில் ஒன்று கிடந்தது. அண்ணா அதை நல்ல விலைக்குப் போகும் என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். அது வெடிக்காத எறிகணை ஒன்றின் தலைப்பகுதி. அக்கா கத்தவில்லை. "தம்பி, ஒண்டிலயும் கை வையாத. வந்த வழியால எழும்பி வா" என்று, ஏதோ சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். அம்மாவையும் என்னையும் பின்வளவால் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். கிடந்த தடியொன்றில் தன்னுடைய சிவப்புத் தாவணியைக் கிழித்துக் கட்டி முற்றத்துக்கு வெளியே நட்டார். அன்றிரவு நாங்கள் அயல்வீட்டுத் திண்ணையில் படுத்தோம். மறுநாள் அதற்குரியவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். மூன்று நாட்களாக அந்தப் பொருள் அண்ணாவின் சைக்கிளில், அவருடைய முதுகுக்கு ஒரு சாண் பின்னால் குலுங்கிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறது. இதை அவர் சொன்னபோதுதான் அக்கா அழுதார். அதன் பிறகு அண்ணா இரும்புக்குப் போகவில்லை.

மேசன் ஒருவருக்குக் கையாளாகச் சேர்ந்தார். அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. 2012 கடைசியில் இந்திய வீட்டுத்திட்டம் வடக்கில் பெரிய அளவில் தொடங்கியது; வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும், கட்டுவது பயனாளியின் பொறுப்பு. எங்கள் பெயர் வந்தபோது அத்திவாரம் வெட்டியது, சீமெந்துக் கல் அரிந்தது, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தியது எல்லாம் அண்ணாதான். பகலில் ஊரார் வீட்டுக்குக் கூலி வேலை, இரவில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் எங்கள் வீடு. கூலி மிச்சமான எங்களுக்கே கொடுத்த பணம் கூரையோடு முடிந்துவிட்டது; வேலைக்கு ஆள் பிடித்துக் கட்டிய பல குடும்பங்கள் கடன்பட்டன. எங்கள் வாசலுக்கு ஓராண்டு வரை அம்மாவின் சேலைதான் கதவு. மரக்கதவு அக்காவின் சம்பளத்தில் வந்தது. அக்காவுக்குப் பேசி வந்த ஒரு சம்பந்தம் தள்ளிப்போனதும் அந்த ஆண்டில்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் இங்கே கூடுதலாக எழுதப்போவதில்லை.

இருவரையும் பற்றிப் பேசுகிறவர்கள் 'தியாகம்' என்கிறார்கள். அந்தச் சொல்லை மேடைகளில் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது, அதனாலோ என்னவோ எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் செய்வது தியாகம். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்டுப் பெறவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியதை அவர் எனக்குக் கொப்பியாகத் தைத்துத் தந்தார் என்பதுதான் நடந்தது. நன்றி சொல்லப் போனால் அண்ணா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவார்.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் சேர்ந்த பிறகு, மண்ணியல் பாடத்துக்காக எங்கள் வளவில் ஒரு குழி வெட்டி மண் படைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அக்கா வேலைச் சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அதன் முழங்கால்களில் வைத்துத் தைத்த தடித்த துணி வெளுத்துப்போயிருந்தது. நான் சிறுமண்வெட்டியை ஓங்கி மண்ணில் இறக்கினேன். கொடியில் கையை வைத்தபடியே அவர் திரும்பினார். வந்து எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார், மண்வெட்டியை வாங்கி, குழியின் விளிம்பில் சரித்துப் பிடித்துக் காட்டினார்.

"பக்கத்தால, தம்பி. மேலால இல்ல."