பாரீஸ்ல எல்லாத்துக்கும் ஒரு டைம் இருக்கு

தூத்துக்குடியில நான் பாத்த வேலையும் இப்ப சென்னை பாரீஸ் கார்னர்ல பாக்குற வேலையும் பேருக்கு ஒன்னுதான். இறக்குமதி சரக்க கஸ்டம்ஸ்லருந்து எடுத்துக் குடுக்குற கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ், டாக்குமெண்டேஷன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல்காரங்க குடுக்குற பி.எல். மூணையும் விரிச்சு வச்சுகிட்டு செக்லிஸ்ட் அடிக்கணும், பார்ட்டிக்கு அனுப்பி ஓகே வாங்கணும், அப்புறம் ஐஸ்கேட்ங்கிற கஸ்டம்ஸ் வெப்சைட்ல பில் ஆஃப் என்ட்ரி, அதாவது என்ன சரக்கு வருதுங்கிற கணக்க, ஃபைல் பண்ணணும். சரக்கு என்ன வகைன்னு சொல்ற ஹெச்.எஸ். கோடு அங்கயும் 8 நம்பர், இங்கயும் 8 நம்பர். கன்டெய்னர் நம்பர் அங்கயும் 4 எழுத்து 7 நம்பர், இங்கயும் அதே. அதனால இங்க வேல கெடச்சப்ப வேலைய நெனச்சு எனக்கு ஒரு கவலையும் இல்ல, எங்க தங்குறது என்ன சாப்புடுறதுன்னு தான் கவலை. வந்து பாத்தா ரெண்டும் இடம் மாறிப்போச்சு. ரூமு, சாப்பாடு, மெட்ரோ எல்லாம் சீக்கிரமே பழகிருச்சு, வேல தான் ரொம்ப நாளைக்கு புடிபடவே இல்ல.

எங்க ஊர்ல எல்லாமே ஸ்கூட்டில ஒரு சுத்து தாங்க. ஹார்பர் ரோட்டுல ஏறுனா கஸ்டம்ஸ், கன்டெய்னர் இறக்கி வைக்கிற சி.எஃப்.எஸ். யார்டு, ஏஜென்ட் ஆபீஸ் எல்லாத்தையும் பாத்துட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துரலாம், கவுண்டர்ல இருக்குறவரோட தங்கச்சி நம்ம கூட காலேஜ்ல படிச்சவளா இருப்பா. சரக்கும் முந்திரி, மரத்தடின்னு கொஞ்சம் நிதானமான சரக்கு. இங்க எங்க ஆபீஸுக்கு வர்றதுல பாதி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போற கார் பார்ட்ஸ். ஒரு பாக்ஸ், அதான் கன்டெய்னர், லேட்டான்னா "லைன் நின்னுரும் மேடம்"னு போன் மேல போன். அந்த ஃபேக்டரி லைன் நின்னா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்தது இல்ல, ஆனா அந்த வார்த்தைய கேட்டாலே இப்பல்லாம் வயித்தக் கலக்குது.

இன்னொன்னு, சென்னை போர்ட்டுன்னு வாயில சொல்றோமே தவிர இங்க மூணு போர்ட்டு. ஹைகோர்ட்டுக்கு எதுத்தாப்ல இருக்குற பழைய ஹார்பர், எண்ணூர்ல காமராஜர் துறைமுகம், அதுக்கும் வடக்க காட்டுப்பள்ளி. காலைல ஆபீஸுக்கு வந்ததும் முதல் கேள்வியே கப்பல் எங்கங்கிறது தான். இறங்குன பாக்ஸ் மணலியில கெடக்கா, மாதவரத்துல கெடக்கா, திருவொற்றியூர்லயான்னு தேடி அதுக்கு தக்கன ஆள அனுப்பணும், தப்பான பக்கம் அனுப்புனா அன்னைக்கு பகல் பூரா டிராஃபிக்லயே போயிரும்.

டைம்ங்கிறது எங்க வேலையில சட்டத்துலயே இருக்கு. 2021ல சட்டத்த மாத்துனதுக்கு அப்புறம் கப்பல் வர்றதுக்கு முந்தின நாளுக்குள்ள பில் ஆஃப் என்ட்ரி போட்டாகணும். லேட்டுன்னா முதல் மூணு நாளைக்கு தினம் 5,000 ரூபா, அதுக்கு மேல தினம் 10,000. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா எங்கயும் எழுதி வைக்காத டைம் ஒன்னு இருக்கு, அது எங்க ஆபீஸ் ஃபீல்டு அண்ணன் ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் தான் இருக்கு.

அண்ணன் காசிமேட்டுக்காரர். வயசு அம்பதுக்கு மேல, பரீட்ச எழுதாதவங்களுக்கு கஸ்டம்ஸ் குடுக்குற ஹெச் கார்டு, கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார், பேர் சொன்னா யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும் அதனால சொல்லல. ஆரம்பத்துல நான் டி.ஓ.க்கு, அதான் பாக்ஸ எடுக்க கப்பல் ஏஜென்ட் குடுக்குற டெலிவரி ஆர்டருக்கு, மெயில் போட்டுட்டு ரிப்ளை வரும்னு தேமேன்னு உக்காந்திருப்பேன். அவர் வந்து ஸ்கிரீன எட்டிப் பாத்துட்டு, "இன்னாமா, இப்ப அனுப்பிக்கீற? அந்தாளு பத்தரைக்கு டீக்கு பூடுவான், பன்னெண்டுக்கு மேல மேனேஜர் கைல மாட்டிக்குவான், ஒம்போதே முக்காலுக்கு தட்டி வுடு, ஒடனே வரும்"ன்னார். டி.ஓ. இப்பல்லாம் மெயில்லயே வருது, பேப்பரே கெடையாது, எல்லாம் டிஜிட்டல் தான், ஆனா அந்த மெயில அனுப்புறவர் எப்ப சீட்டுல இருப்பார்ங்கிறது மட்டும் இன்னும் டிஜிட்டல் ஆகல.

இப்படி அவர் கிட்ட நூறு டைம் இருக்கு. எந்த யார்டுல மத்தியானம் ஃபோர்க்லிஃப்ட் ஆளு மாறுவான், எந்த கிழம டிரெய்லர் கெடைக்காது, பகல்ல எப்ப பெரிய வண்டிய ஊருக்குள்ள விடுவாங்க எப்ப மடக்குவாங்க, ஜீரோ கேட்ல கியூ எத்தன மணிக்கு மேல நகரும், எல்லாம் அத்துப்படி. நான் ஒரு டைரியில எழுதிக்கிட்டே வந்தேன், அதப் பாத்துட்டு "இன்னாத்துக்கு எழுதுற, அடுத்த மாசம் மாறிடும்"ன்னு சிரிச்சார், நெஜமாவே பாதி மாறிருச்சு.

ஆனா அவருக்கு ஒரு எடத்துல கால் ஊனல. முன்னாடியெல்லாம் அசெஸ்மென்ட்ல, அதான் சரக்குக்கு வரி எவ்வளவுன்னு பாக்குறப்ப, ஆபீசருக்கு சந்தேகம்னா ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ்ல மாடியேறி நேரா போய் கேட்லாக்க காட்டி பேசிட்டு வந்துருவாராம். 2020ல ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் வந்துச்சு, சென்னையிலயும் பெங்களூர்லயும் தான் முதல்ல ஆரம்பிச்சாங்க. இப்ப நம்ம பில்ல எந்த ஊர்ல இருக்குற ஆபீசர் பாக்குறார்னே தெரியாது. இன்வாய்ஸ்ல வெறும் "பிராக்கெட்"னு இருக்கும், எதோட பிராக்கெட், எந்த உலோகம், எந்த வண்டிக்குன்னு குவரி வந்து நிக்கும். மாடியேற மாடியே இல்ல, எழுதித் தான் புரியவைக்கணும். அது எனக்கு கைவந்த வேல. போட்டோ, டிராயிங், கேட்லாக் பக்கம் எல்லாத்தையும் கஸ்டம்ஸுக்கு ஆன்லைன்ல பேப்பர் அனுப்புற இ-சஞ்சித்ல ஏத்திட்டு நாலே வரில பதில் போட்டுருவேன். முதல் தடவ என் பதிலுக்கு மறு குவரி இல்லாம கிளியர் ஆனப்ப அண்ணன் ஒன்னும் சொல்லல, போய் எனக்கும் சேத்து டீ வாங்கிட்டு வந்தார். அன்னைலருந்து பாக்ஸ் தரையில இருந்தா அவர், ஸ்கிரீன்ல இருந்தா நான். இது தெளிவான அப்புறம் தான் எனக்கு ஆபீஸ்ல மூச்சே வந்துச்சு, அதுவரைக்கும் ஊருக்கு போயிரலாமான்னு தான் மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

தங்குறது பழைய வண்ணாரப்பேட்டையில, மாடி போர்ஷன். தியாகராயா காலேஜ் ஸ்டேஷன்ல ஏறி ரெண்டாவது ஸ்டேஷன் மண்ணடி, அங்கருந்து நடந்து செகண்ட் லைன் பீச் பக்கம் வந்துருவேன். பத்து மணிக்கு மேல நடந்தா அவ்வளவு தான், மீன்பாடி வண்டியில மலை மாதிரி பண்டல ஏத்திக்கிட்டு ஓரம் போ ஓரம் போன்னு வருவாங்க, லிங்கிச்செட்டித் தெருவுல ஒரு பக்கம் வக்கீல் கோட்டு ஒரு பக்கம் கயிறு கட்டுன மோட்டார், நடுவுல நான். கொஞ்சம் அந்தாண்ட போனா ஆண்டர்சன் தெரு முழுக்க பேப்பரும் கல்யாண பத்திரிகையும், ராசப்ப செட்டித் தெரு முழுக்க நாட்டு மருந்து. ஒரு தெரு ஒரு சரக்குன்னு ஊரப் பிரிச்சு வச்சிருக்காங்க, வாசனைய வச்சே எங்க நிக்கிறோம்னு சொல்லிரலாம்.

அட்வான்ஸ் கேட்டப்ப தான் நெஞ்சு அடச்சுச்சு. பத்து மாசம்னு ஆரம்பிச்சாங்க, கெஞ்சி கூத்தாடி கொறச்சோம், அத விட்ருவோம். வீட்டுக்கார அக்கா நல்லவங்க, ஆனா விடியக்காலம் மெட்ரோ வாட்டர் வந்துச்சுன்னா "தண்ணி வுட்டாங்க, எந்திரிமா"ன்னு கதவத் தட்டுவாங்க பாருங்க, ஹார்பர் சைரன் தோத்துரும். சென்னையில தண்ணி கஷ்டம்னு ஊர்ல எல்லாரும் பயமுறுத்தி தான் அனுப்புனாங்க, தூத்துக்குடிக்காரிக்கு தண்ணி கஷ்டத்த யாரும் புதுசா சொல்லித் தர வேண்டாம், நாங்க பல நாளைக்கு ஒரு தடவ வர்ற தண்ணிய கொடத்துல புடிச்சு வளந்தவங்க. குடிக்க மட்டும் கேன். 20 லிட்டர் கேன மாடி ஏத்துறதுக்கு தம்பி தனியா காசு கேக்குறான், நியாயம் தான், குடுத்துர்றேன்.

சாப்பாட்டுல எனக்கு இன்னும் சமாதானம் ஆகாதது புரோட்டா தான். எங்க ஊர்ல எண்ணெயில பொரிச்சு மொறுமொறுன்னு எடுத்து சால்னாவ ஊத்துனா அது ஒரு சங்கதி, இங்க குருமாங்கிற பேர்ல எதையோ ஊத்துறாங்க, சண்ட போட தெம்பில்லாம சாப்டுறேன். அதுக்கு ஈடா எனக்கு கெடச்சது அத்தோ. பர்மாவுலருந்து அறுபதுகள்ல திரும்பி வந்த நம்ம ஆளுங்க கொண்டாந்தது, அவங்களுக்காகத் தான் 1969ல பர்மா பஜாரே வந்துச்சு. நூடுல்ஸ கையாலேயே பெசஞ்சு, வறுத்த வெங்காயம், கோஸு, புளித்தண்ணி, மொளகாப்பொடி, எலுமிச்ச புழிஞ்சு தருவாங்க, கூட வாழத்தண்டு சூப். அவிச்ச முட்டைய கீறி உள்ள வறுத்த வெங்காயமும் பூண்டும் வச்சு ஒன்னு தருவாங்க, அத ஒரே வாயில போடணும், கடிச்சு சாப்ட்டா அண்ணனுக்கு கோவம் வரும். இதுக்கும் டைம் உண்டு, சாயங்காலம் தான் வண்டி வரும், ஆபீஸ் விடுறதுக்கும் அதுக்கும் சரியா இருக்கும்.

மீனுக்கு அம்மா பயந்தாங்க. "ஏட்டி, அங்க ஐஸு மீனு தான் கெடைக்குமாம்ல"ன்னு. காசிமேடு பக்கத்துல தானம்மான்னு சொன்னா நம்பல. ஞாயித்துக்கெழம விடியறதுக்கு முன்னாடியே போகணும், அண்ணன் வீட்டு அக்கா கூட போவேன், ஏலம் முடிஞ்சதும் கூறு போட்டு விக்கிறவங்க கிட்ட அவங்க பேரம் பேசுறத பாக்கறதுக்கே போலாம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வில ஏறிரும், ஆனா அது எங்க ஊருக்கும் அதே தேதி தான், அந்த ரெண்டு மாசம் அம்மாவும் நானும் போன்ல ஒரே பாட்டு பாடுவோம்.

வெயில பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. மே மாசம் மத்தியானம் கடக்காத்து வருதா வரலியாங்கிறது தான் ஆபீஸ்ல பெரிய நியூஸ், மேக்காத்து அத தள்ளி வச்சிருச்சுன்னா அன்னைக்கு யார் முகத்துலயும் சிரிப்பிருக்காது. மழைன்னு பேச்செடுத்தா 2015, 2023ன்னு வருஷத்த சொல்லித் தான் ஆரம்பிக்கிறாங்க. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துனா நம்பர் என்னன்னு கேட்டுட்டு, டிரெய்லர் எல்லாத்தையும் முன்கூட்டியே வெளிய எடுக்க ஓடுற ஓட்டம் இருக்கே, அது தனி போஸ்ட்டு.

கஷ்டமா இருந்தது ஆகஸ்ட் 5. எங்க பனிமய மாதா கோயில் திருவிழா. ஜூலை 26 கொடி ஏறுனதுலருந்தே எனக்கு இங்க இருப்பு கொள்ளல. லீவு கேட்டேன், அந்த வாரம் பாத்து மூணு கப்பல் ஒன்னா வருது, குடுக்க முடியலன்னாங்க. யாரயும் கொற சொல்ல முடியாது, கப்பலுக்கு மாதா தெரியுமா. தங்கச்சி வீடியோ கால் போட்டா, கூட்டத்துல ஒன்னும் தெரியல, சத்தம் மட்டும் கேட்டுச்சு, பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து குவரிக்கு பதில் எழுதுனேன். அடுத்த செவ்வாக்கெழம அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு போனேன், செவ்வாய்னா அங்க நிக்க எடம் இருக்காது, எல்லா சாமி கும்புடுறவங்களும் வருவாங்க. மெழுகுவர்த்தி வாங்குற கியூவுல எனக்கு முன்னாடி நின்ன ரெண்டு பேர் "எப்ப ஊருக்கு போறீய"ன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க, நான் வலியப் போய் எந்த ஊருன்னு கேட்டேன், புன்னக்காயல், எங்க தூத்துக்குடி பக்கம் தான். அதுக்கப்புறம் செவ்வாக்கெழம லஞ்ச் டயம் அங்க தான், அந்த ரெண்டு அக்காவும் வருவாங்க, சாமி பாதி ஊர்க்கத பாதி.

இப்ப புதுசா ஒரு வேல சேந்திருக்கு. அண்ணன் இத்தன வருஷமா ஹெச் கார்டுலயே இருக்கார், பரீட்ச எழுதிப் பாஸானா ஜி கார்டு, பேப்பர்ல கையெழுத்து போடலாம், சம்பளமும் ஏறும். யார்டுல நடக்குறது அத்தனையும் தெரியும், அத செக்ஷன் நம்பரோட சொல்லச் சொன்னா மட்டும் வேர்த்துரும். நானும் எழுதப்போறேன்ல, சேந்தே படிப்போம்னு ஆறு மணிக்கு மேல ஆபீஸ்ல உக்காந்திருக்கோம். நான் சட்டத்த படிச்சு தமிழ்ல சொல்லுவேன், அவர் அதுக்கு யார்டுலருந்து ஒரு கத சொல்லுவார், எனக்கு அந்த செக்ஷன் அதுக்கப்புறம் மறக்காது. பந்தயம் கூட கட்டியாச்சு. அவர் பாஸானா அத்தோ அவர் செலவு, ஃபெயிலானா சொல்லிக்குடுத்த டீச்சர் செலவாம். முட்டைய கணக்குல சேக்கலாமா கூடாதாங்கிறது மட்டும் இன்னும் பேசி முடியல.