கார்பெட்டுக்கு அடியில் இருந்தது வாடை

கழுவிக் காயவைத்த மூன்றாம் நாளே அந்த ஈரவாடை திரும்பிவிட்டது. 18 வருடப் பழைய பிக்கப். எஞ்சின் நன்றாக இருந்ததால் வாங்கினேன். கேபினுக்குள் ஏறினால்தான் மூச்சு முட்டும். சிகரெட் புகை, நாய் முடி, எல்லாவற்றுக்கும் மேலே நனைந்த சாக்கு நாற்றம். வேக்யூம் பிடித்தேன், ஷாம்பு போட்டுத் தேய்த்தேன், வாசனைக் கட்டியும் தொங்கவிட்டேன். இப்படி இரண்டு முறை செய்தும் வாடை போகவில்லை.

மூன்றாவது முறை சீட்டையே கழற்றுவது என்று இறங்கினேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கோ, மோதும்போது சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் அமைப்புக்கோ போவது. மின்சாரம் இருக்கும்போது அதில் கை வைக்கக் கூடாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விட்டதும் மறுநாள் வந்துவிட்டது. கழற்றியதை எல்லாம் போட்டோ எடுத்து, எந்த இடத்து போல்ட் என்று எழுதித் தனித்தனிப் பையில் போட்டு வைத்தேன். திரும்பப் பூட்டும்போது இது எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

கார்பெட்டைத் தூக்கியதும் காரணம் தெரிந்தது. மேல்பக்கம் தொட்டால் காய்ந்திருக்கிறது. அடியில் ஒட்டியிருந்த பஞ்சு அடுக்கோ தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடக்கிறது. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் ஓடியது. கீழே தகரம், மேலே தடித்த கார்பெட். நடுவில் மாட்டிய ஈரம் எந்த வழியாகக் காயும்? நான் ஷாம்பு போட்ட ஒவ்வொரு முறையும் அதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊட்டியிருக்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கழுவக் கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். தம்பியை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, வெளியே ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் காட்டிக்கொண்டு போனேன். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து குழப்பிவிடும். கதவு ரப்பரில் ஒன்றுமில்லை. பின் கண்ணாடி ஓரத்திலும் இல்லை. கூரையின் பின்விளிம்பில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டுக்கு வந்ததும், "அண்ணே, நிறுத்து, இங்கதான் இறங்குது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பழைய பிக்கப்களில் இந்த விளக்கைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் காய்ந்து சுருங்குவது அடிக்கடி நடப்பது. அங்கே புகுந்த தண்ணீர் பின்சுவருக்கு உட்புறமாகவே வழிந்து சீட்டுக்குப் பின்னால் சேர்ந்திருக்கிறது. புது கேஸ்கெட் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வைப்பர் அடியில் அடைந்திருந்த சருகையும், கதவுகளின் கீழ்விளிம்பு ஓட்டைகளில் இருந்த மண்ணையும் அதோடு எடுத்துவிட்டேன்.

தகரத்தில் துரு மேலாகத்தான் பிடித்திருந்தது. ஒயர் பிரஷ், எமரி தாள், பிறகு பிரைமர், பெயின்ட். ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் போயிருப்பேன்.

பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினேன். கார்பெட்டை வெளியே விரித்துக் கழுவி, அழுக்குத் தண்ணீர் தெளியும்வரை அலசிச் சாய்வாகத் தொங்கவிட்டேன். நல்ல வெயிலிலும் முழுதாகக் காய மூன்று நாள் ஆனது.

கூரைத் துணியில்தான் பயந்து பயந்து வேலை செய்தேன். அந்தத் துணி மெல்லிய நுரை மேல் பசையால் ஒட்டியிருக்கும். நனைத்தால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும். கிளீனரைக் கூரையில் அடிக்காமல், துடைக்கும் வெள்ளைத் துணியில் தெளித்து, அழுத்தாமல் ஒரே திசையில் ஒற்றியெடுத்தேன். புகைக் கறை அந்த வெள்ளைத் துணியைத் தேநீர் நிறமாக்கியது. கண்ணாடிகளின் உள்பக்கமும் அப்படித்தான். மூன்று முறை துடைத்த பிறகே தெளிந்தது.

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, உள்ளே போகாமல் கிளிப் போட்டு, மென்மையான சோப்புத் தண்ணீரால் தேய்த்தேன். பிளீச் படவே கூடாது, இழை பலவீனமாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும். டேஷ்போர்டுக்கு நீர்த்த கிளீனரும் மென்பிரஷ்ஷும் போதும். பளபளக்கும் பாலிஷ் எனக்குப் பிடிக்காது. வெயிலில் கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்வையை மறைக்கிறது.

எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் இரண்டு நல்ல மழை பெய்யட்டும் என்று வெறும் தகரத்தோடு காத்திருந்தேன். சொட்டுக்கூட இறங்கவில்லை. சீட் போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். பின்சுவர் ஓரத்தில் மட்டும் கார்பெட்டை இன்னும் ஒட்டாமல் விட்டிருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காலையில் அதற்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஐந்து மாதமாகக் காய்ந்தே இருக்கிறது.